ஆம்புலன்ஸ் வர முடியாத மூன்று நாட்கள்: வீட்டில் என்ன இருக்க வேண்டும், கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஓட, ஊருக்கு ஊர் சாலை அறுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் 17ஆம் தேதி இரவு நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்த பயணிகள் பலரை 19ஆம் தேதிதான் மீட்க முடிந்தது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, டெல்டா கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது. சாதாரண நாட்களில் கூப்பிட்டால் வந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது, அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் எந்த வண்டியும் வராது. செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் போனால் கூப்பிடவும் முடியாது. அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு குடும்பம் எப்படித் தயாராவது என்பதுதான் இந்தக் கட்டுரை. டாக்டர் வேலையைக் கையில் எடுத்துக்கொள்வதற்கு அல்ல, டாக்டரிடம் போய்ச் சேரும்வரை ஒருவர் நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்வதற்கு.

முதலில் ஒரு அடிப்படைக் கணக்கு. ஆபத்துகளை நேரத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். சில ஆபத்துகள் நிமிடங்களில் உயிரை எடுக்கும்: பீறிடும் ரத்தம், நீரில் மூழ்குவது, மின்சாரம் தாக்குவது, தொண்டையில் அடைப்பது. சிலவற்றுக்குச் சில மணி நேரம் இருக்கிறது: பாம்புக்கடி, மாரடைப்பு. மற்றவை நாள்கணக்கில் வளரும்: வயிற்றுப்போக்கு, காய்ச்சல், சீழ் பிடிக்கும் காயம், தீர்ந்துபோன சர்க்கரை மாத்திரை. நிமிடக் கணக்குக்கு உதவுவது பழகிய கை மட்டும்தான், பெட்டியைத் திறந்து தேடக்கூட நேரம் இருக்காது. நாள் கணக்குக்கு உதவுவது சேர்த்து வைத்த மருந்து.

மருந்துக் கடையில் விற்கும் ரெடிமேட் முதலுதவிப் பெட்டியில் பெரும்பாலும் சின்னப் பிளாஸ்திரி, பஞ்சு, ஒரு கத்தரிக்கோல், ஒரு பாட்டில் டெட்டால் இருக்கும். கத்தி பட்ட விரலுக்கு அது சரி. வெள்ள நாளுக்குப் போதாது.

முதல் வேலை: தினமும் போடும் மாத்திரை

பெட்டி என்றதும் எல்லோருக்கும் ரத்தமும் கட்டுத்துணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தண்ணீர் சூழ்ந்த வீட்டில் அதிகம் நடக்கக்கூடிய சிக்கல் இன்னொன்று: அப்பாவின் பிபி மாத்திரை அட்டையில் இரண்டுதான் மிச்சம், அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில், ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் இல்லை. பிபி, சர்க்கரை, வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய், தைராய்டு என்று எது இருந்தாலும், குறைந்தது இரண்டு வாரத்துக்கான மருந்து எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே அந்தச் செவிலியரிடமோ தன்னார்வலரிடமோ கேட்டு வைத்துக்கொள்ளலாம். புதிய அட்டை வந்ததும் பழையதை முதலில் எடுங்கள். அப்போது கையிருப்பு காலாவதியாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வலிப்பு மாத்திரையை முக்கியமாக ஒருநாள்கூட விடக்கூடாது. திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம்.

மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போன் அணைந்துவிட்டால்? ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெட்டியின் மேலேயே வையுங்கள்: பெயர், வயது, நோய், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒவ்வாது. கம்பெனிப் பெயரோடு மருந்தின் உண்மைப் பெயரையும் எழுத வேண்டும். முகாமில் இருக்கும் டாக்டரிடம் அந்தக் கம்பெனி மாத்திரை இருக்காது, அதே மருந்து வேறு பெயரில் இருக்கும்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரண்ட் போனதும் முதலில் பதறுவது இந்த வீட்டுக்காரர்கள்தான். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 25 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். சரியான கணக்கு அந்த மருந்து அட்டையிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலும் சூடும் படாமல் பார்ப்பதுதான் வேலை. அதற்குப் பானை போதும். ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, நடுவில் உள்ள இடைவெளியில் மணலைக் கொட்டி, மணலில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள். இன்சுலின் பாட்டிலை ஈரம் புகாத கவரில் போட்டுச் சிறிய பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் வாயை மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் சில டிகிரி குறையும். ஐஸ் கட்டி மேலேயே வைப்பது தவறு, உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

சர்க்கரை நோய்க்காரருக்கு வெள்ள நாளில் சர்க்கரை ஏறுவதைவிடக் குறைவது அவசர ஆபத்து. ஊசி போட்டாயிற்று, ஆனால் சாப்பாடு வரவில்லை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் தெரிந்தால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, எந்த வழியிலாவது மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓஆர்எஸ்: சலைன் தீர்ந்த இடத்தில் நிரூபணமான மருந்து

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. போங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் வேலை பார்த்தார். ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துவிட்டது, ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே டம்ளரைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். ஓஆர்எஸ் என்பது இப்படிக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான். நூற்றுக்கு 30 பேர் அளவில் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் படிப்பே இல்லாத அம்மாக்களும் அண்ணன்களும் காப்பாற்றிய உயிர்கள் அவை. உதவி இல்லாத இடத்தில் சாதாரண மனிதர் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

ஓஆர்எஸ் ஏன் வேலை செய்கிறது? வயிற்றுப்போக்கில் குடல் வெறும் உப்பையும் தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. ஆனால் குளுக்கோஸ் கூட இருந்தால், குளுக்கோஸோடு சேர்ந்து உப்பும் உள்ளே போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். அளவு இதனால்தான் முக்கியம். சர்க்கரை அதிகமானால் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து, போக்கு கூடிவிடும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாததும் இதனால்தான். பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்ற பானங்களுக்கு 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் போடுவது தப்பு. சின்னப் பாக்கெட்டுகளும் வருகின்றன, ஆகவே அளவைப் படித்துப் பாருங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குத் தாகம் அடங்கும்வரை. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாட்டிகள் இதைப் பொறுமையாகச் செய்வார்கள், அவசரப்படுகிற அப்பாக்கள்தான் டம்ளரை வாயில் சாய்ப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்குக் கூடவே ஜிங்க் மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்கச் சொல்வார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. குழந்தையின் கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், துவண்டு குடிக்கவும் முடியாமல் இருந்தால், அல்லது மலத்தில் ரத்தம் வந்தால், அது வீட்டில் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. படகோ டிராக்டரோ, கிடைத்ததில் கிளம்ப வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்

மழைக்காலம் டெங்குவின் காலமும்கூட. காய்ச்சல், உடம்புவலி என்று டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு கூடிவிடும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஈரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் டாக்டரைக் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளைக்கு நான்கு தடவைக்குமேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கும் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியமே கூடாது. சொட்டு மருந்திலும் சிரப்பிலும் அடர்த்தி வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250 இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் குழந்தையின் ஈரலுக்கு ஆபத்து. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. வாங்கிய அன்றே, பாட்டில் மேல் ஒட்டிய காகிதத்தில் உங்கள் குழந்தைக்கு எத்தனை மில்லி என்று பெரிதாக எழுதி விடுங்கள். குழந்தை வளர வளர மாற்றுங்கள்.

நிமிடக் கணக்கு: கை பழக வேண்டியவை

ரத்தம். தகரம் கிழித்துவிட்டது, கண்ணாடி குத்திவிட்டது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கத் தோன்றும், எடுத்தால் உறைந்த ரத்தம் பிரிந்து மறுபடி வரும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். குத்திய பொருள் உள்ளேயே நின்றால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். வெள்ளத் தண்ணீர் பட்ட காயத்தைச் சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டு நிறையக் கழுவுவதுதான் முதல் மருந்து. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் இப்போதே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், புயலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நீரில் மூழ்கியவரை நம் ஊரில் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. இதில் போகிற ஒவ்வொரு நொடியும் அவருடைய மூளைக்குக் காற்று இல்லாத நொடி. வயிற்றை அமுக்கினால் உள்ளிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லை என்றால் சமதரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். மார்பு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவே இல்லை என்றால் மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறு கையை அதன் மேல் கோத்து, முழங்கை மடியாமல் அழுத்த வேண்டும். பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தம், இரண்டு மூச்சு என்று தொடர வேண்டும். ஒருவர் களைத்தால் இன்னொருவர் மாற வேண்டும்.

இதை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 5 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு ஆழம், அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பொம்மை மேல் அழுத்திப் பார்த்தால்தான் கைக்குத் தெரியும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. வீட்டில் இரண்டு பேராவது போய் வாருங்கள். ஒருவர் மட்டும் கற்றால், பாதிக்கப்படுவது அவராகவே இருக்கலாம்.

மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்ததுமே அணைத்துவிடுவது இன்னும் நல்லது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். இட்லி மாவு, பேஸ்ட், மை தடவ வேண்டாம்.

பாம்பு

வெள்ளத்தில் வளை நிறைந்து பாம்புகள் வீட்டுக்குள், மாடிப்படிக்கு, விறகுக் குவியலுக்கு வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குதான் இங்கே பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். 1978இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் எடுக்கும் விஷம் அந்த மருந்தைத் தயாரிக்கப் பயன்படுகிறது. நான்குக்கும் ஒரே மருந்து என்பதால் கடித்த பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய தேவை இல்லை. தேடப்போய் இன்னொருவரும் கடிபடுவார்.

கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். இறுகக் கட்டிய காலை அப்புறம் எடுக்க வேண்டிவந்த கதைகள் உண்டு. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் இறுகிவிடும். கடிபட்ட கையையோ காலையோ ஒரு மட்டை அல்லது சுருட்டிய செய்தித்தாளோடு சேர்த்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் ஆடாமல் கட்டுங்கள், இறுக்கக்கூடாது. நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள், கட்டிலோடு தூக்கினாலும் சரி. கடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கட்டுவிரியன் இரவில் தூங்கும்போது கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம். தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, இமை செருகுவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் கடித்தடம் இல்லாவிட்டாலும் பாம்பென்றே நினைத்துக் கிளம்புங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் போட முடியும், வீட்டில் வாங்கி வைக்கிற பொருள் அல்ல. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் அது இருக்கிறது, மேட்டு வழியாக எப்படிப் போவது என்பதை மழைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.

பெட்டி

இப்போதுதான் பெட்டிக்கு வருகிறேன். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி நல்லது, தண்ணீரில் மிதக்கும், கைப்பிடி இருக்கும். பரணில் வைக்கலாம், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், சூட்டில் மருந்து கெடும். தினசரி மருந்தின் இரண்டு வாரக் கையிருப்பு, ஆளுக்கு நான்கைந்து ஓஆர்எஸ் பாக்கெட், பாராசிட்டமால், காஸ் துணி நிறைய, அகலமான க்ரேப் பேண்டேஜ் இரண்டு, ஒட்டும் டேப், பெட்டாடைன், சோப்பு, கையுறை, கத்தரிக்கோல், தெர்மாமீட்டர், டார்ச், பவர் பேங்க், இருப்பவர்களுக்கு இன்ஹேலரும் குளுக்கோமீட்டரும். மாதவிடாய் நாப்கின்னையும் சேருங்கள், பெரிய காயத்தில் வைத்து அழுத்தவும் அது உதவும்.

போன முறை மிச்சமான ஆன்டிபயாடிக்கைப் போட்டு வைக்க வேண்டாம். எது எதற்கு என்று தெரியாமல் யாரோ விழுங்குவார்கள். வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதை முகாம் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் அது ஆகாது.

நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். இதய நோய் இருப்பவர் தன் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுக்கும் முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய மருத்துவமனைக்கு வழி இல்லை என்றால் அங்கேயாவது போய்ச் சேருங்கள்.

பெட்டி போதாதவர்கள்

சிலருக்கு எந்தப் பெட்டியும் உதவாது. வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர், ஆக்சிஜன் எந்திரத்தில் இருப்பவர், பிரசவ தேதி நெருங்கியவர். புயல் எச்சரிக்கை வந்ததுமே இவர்கள் கிளம்பிவிட வேண்டும். பிரசவம் நெருங்கிய பெண்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பதைத் தமிழ்நாட்டில் சுகாதாரத் துறையே செய்கிறது. கிராமச் செவிலியரிடம் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளிகள் மேட்டுப் பகுதியில் உள்ள இன்னொரு மையத்தில் முன்பே பேசி, தங்கள் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறை 1070. போன் பண்ணும்போது தெருவின் பெயரோடு பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி என்று படகில் வருபவர்கள் கண்ணில் படும் அடையாளத்தையும், எத்தனை பேர், யாருக்கு என்ன, வீட்டின் எந்த மாடி என்பதையும் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். லைன் எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது.